மெத்தையில் ஓர் இடம்

ஹைதராபாத்,
9 ஜனவரி 2025

அன்புத் தம்பி கலியாணசுந்தரத்துக்கு,

அண்ணன் ஆனந்தகுமாரின் ஆசிகள். நானும் உன் அண்ணி ரேவதியும் இங்கு நலம். குளிருக்கு என் இடது தோள் சற்றுப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தவிரக் குறையொன்றுமில்லை. நீயும் இளவரசியும் நலமா? செயற்கைக் கால் உரசி உன் தொடையில் வந்த புண் ஆறிவிட்டதா?

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் "சரிண்ணா, சரிண்ணா" என்று முடித்துவிடுகிறாய். எது சம்மதம், எது சலிப்பு என்று எனக்கு விளங்குவதில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வர வேண்டும். இனி இந்தப் பொருளை நாம் கடிதத்திலேயே பேசுவோம்.

பொருள் இதுதான். திருமுக்கூடலில் நடந்த சித்தப்பா மகள் திருமணத்தன்று, எல்லோரும் கோயில் படியேறிப் போனபோது நீ மட்டும் வண்டியருகே நின்றாய். கேட்டதற்கு, "செருப்புங்களப் பாத்துக்கறேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆய்வு நிறுவனத்தில், ஊழியரின் உடன்பிறந்தோருக்குச் செயற்கை உறுப்பு வழங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் உன் பெயருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாம் தரப்போவது சாதாரணக் கால் அன்று. முட்டியில் சிறு கணினி உண்டு. நீ ஏறுகிறாயா, இறங்குகிறாயா என்று தானே அறிந்து மடங்கும். கல் தடுக்கினால் தானே இறுகி உன்னைத் தாங்கும். இரவில் மின்னேற்ற வேண்டும், அவ்வளவே.

நிபந்தனை ஒன்றுதான். புதிய கால் பெறுபவர் பழைய காலை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும். அதைச் செப்பனிட்டு வேறொருவருக்குத் தருவார்கள். ஒருவருக்கு ஒரு கால் என்பதே விதி. நியாயமான விதி என்றே எனக்குப் படுகிறது.

உன் சம்மதத்தை உடனே எழுது.

உன் நலம் நாடும் அண்ணன்,
ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
21 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி கலியாணத்தின் வணக்கம். பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. இளவரசிக்கு நலம், எனக்கும் நலம். புண் ஆறிவிட்டது. தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லி இளவரசி உங்களுக்கு எழுதச் சொல்கிறாள்.

நீங்கள் எனக்காக எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்கச் சொன்னதால் எழுதுகிறேன்.

கடையில் நான் எப்படி உட்காருகிறேன் என்று நீங்கள் பார்த்ததில்லை. காலையில் வாடிக்கையாளர் வருமுன்பே போய்விடுவேன். சுவர்ப்பக்கம் திரும்பி, வேட்டிக்குள் கையை விட்டு வாரை அவிழ்த்தால் கால் கையோடு வந்துவிடும். அதைத் திண்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, மடியில் வெள்ளைத் துணியை விரித்து மெத்தையில் உட்கார்ந்துவிடுவேன். அதன் பிறகு நான் புடவை விற்கிற கலியாணம், வேறெதுவும் இல்லை. கடைப் பையன் முஜீப் அலமாரியிலிருந்து எடுத்துப் போடுவான், நான் விரிப்பேன். எதிரே உட்காருபவர்களும் அதே மெத்தையில்தான் உட்காருவார்கள். அவர்கள் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

வேலூரிலிருந்து கமலவேணி அம்மாள் என்று ஒருவர் வருவார். அவர் வீட்டில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் புடவை என் கையால் விரித்ததுதான். "சரிகையாப்பா இது? வெறும் சாயந்தான் மின்னுது. வெல சொல்றியா, கழுத்த அறுக்கறியா?" என்று பாதி நாள் சண்டை போடுவார். நானும் விடமாட்டேன். கடையே வேடிக்கை பார்க்கும். எனக்கு ஒரு கால் இல்லை என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவர் போன்ற பலருக்கும் தெரியாது.

புதுக்கால் போட்டுக்கொண்டும் அந்த மெத்தையில் என் இடத்தில் உட்கார முடியுமா, அல்லது அதைச் சட்டென்று கழற்ற முடியுமா என்பதை மட்டும் அங்கே விசாரித்துச் சொல்லுங்கள். அந்த இடம் போகாது என்றால் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை.

அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
கலியாணம்

•

ஹைதராபாத்,
28 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இருவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மறுப்பில்லை என்று எழுதியதைச் சம்மதமாகக் கொண்டு உரிய இடத்தில் தெரிவித்துவிட்டேன். பிப்ரவரி இரண்டாம் வாரம் சென்னையில் அளவெடுப்பு. நானும் விடுப்பெடுத்து வந்து உடன் இருப்பேன்.

உட்காருவது பற்றிக் கேட்டிருந்தாய். தரையில் அமர்ந்து எழுவது வயது ஏற ஏற முட்டிக்கும் இடுப்புக்கும் கேடு என்பது யாவரும் அறிந்தது. நாற்காலியில் தாராளமாக அமரலாம். நிற்கலாம், நடக்கலாம், மாடியேறலாம். இத்தனையும் செய்ய முடிந்தவன் மெத்தையின் மூலையில் ஒடுங்கி உட்கார வேண்டிய தேவைதான் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக எண்ணாதே. நீ மறைத்து வைப்பதற்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை. லாரிக்காரன் செய்த பிழைக்கு நீ ஏன் ஒளிய வேண்டும்? கால் இல்லை என்பது தெரியாததால்தான் அந்த அம்மாள் உன்னை மதிக்கிறார் என்றால், அது என்ன மதிப்பு? தெரிந்த பிறகும் மதிக்கிறவரிடம் விற்பதே முறை.

பழைய காலைத் துடைத்து, வாருடன் சேர்த்து எடுத்து வா.

ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். உங்கள் தோள் எப்படி இருக்கிறது? சென்னையிலிருந்து திரும்பியதும் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். பயிற்சிக்குப் போவதும் வருவதுமாக நாள் ஓடிவிட்டது.

கால் அற்புதம், அண்ணா. பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் நடந்தது நடையே இல்லை, இழுப்புதான் என்று இப்போது தெரிகிறது. நேற்று மாலை இளவரசியும் நானும் ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் நடந்தோம். எப்போதும் அவள்தான் எனக்காக நின்று நின்று வருவாள். நேற்று நான் முன்னால் போய்த் திரும்பி, "வாயேன்மா, இன்னா அன்ன நட நடந்துக்கினு வர்ற?" என்றேன். அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசுப்பா" என்றாள்.

கடையில் முஜீப் விடுவதாக இல்லை. "அண்ணே, மாப்பிள்ள அழைப்பு மாதிரி இல்ல வரீங்க! சார்ஜ் போட்டீங்களா? நடுவழியில நின்னா யாரு தள்ளறது?" என்று தினமும் ஒரு பாட்டு. பேட்டரி தெரியும் என்பதால் வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறிவிட்டேன். அதற்கும் ஒரு கேலி.

முதலாளி ஜான் பாஷா பாய்க்கு மிகுந்த மகிழ்ச்சி. முதல் நாளே என் தோளில் கை போட்டு, "இனிமே இன்னாத்துக்குப்பா மெத்தையில மொடங்கிக் கெடக்கற? வாசல்ல ராஜா மாதிரி நில்லு. வர்றவங்கள நீதான் வரவேற்கணும்" என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் என்று பெயர். பதவி உயர்வு என்றே சொல்ல வேண்டும். மெத்தையில் இப்போது முஜீப் உட்காருகிறான். நன்றாகவே விரிக்கிறான்.

பழைய காலை அறக்கட்டளையின் ஆள் வந்து பெற்றுக்கொண்டார். எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

கலியாணம்

•

ஹைதராபாத்,
24 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். தோள் தேறிவருகிறது. உன் கடிதத்தை ரேவதிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பதவி உயர்வு என்ற வரியை அவளே மறுபடியும் படிக்கச் சொன்னாள். பார்த்தாயா? ஒளிந்திருந்தவனை ஒரு கருவி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது. முறையாகச் செய்தால் எதுவும் முறையாக முடியும்.

உன் காலோடு இணைந்த செயலி என் கைபேசியிலும் இருக்கிறது. பயனாளியின் நடையைக் கவனித்துவரும் பொறுப்பு, விண்ணப்பித்தவருக்கு உண்டு என்பது திட்டத்தின் விதி. நீ எத்தனை மணி நேரம் நிற்கிறாய், எவ்வளவு நடக்கிறாய் என்பதெல்லாம் இரவில் எனக்கு வரும். நாளுக்கு நாள் கூடுகிறது. மிக்க மகிழ்ச்சி.

எங்கள் நிறுவன இதழில் உன்னைப் பற்றி எழுத விரும்புகிறார்கள். கடை வாசலில் நிற்கும் படம் ஒன்று அனுப்பு. கீழ்க்கண்டவற்றுக்கும் பதில் எழுது: காலின் பிடிப்பு எப்படி? வியர்வையால் தொல்லை உண்டா? பழைய காலை விட எவ்வகைகளில் மேல்?

ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
5 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன்.

பிடிப்பு நன்று. வியர்வை உண்டு, வெயில் காலம் அல்லவா. எல்லா வகையிலும் மேல்.

படம் எடுக்க நேரம் வாய்க்கவில்லை. முகூர்த்தக் கூட்டம் அதிகம்.

கலியாணம்

•

ஹைதராபாத்,
30 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலமா? உன் கடைசிக் கடிதம் தந்தியைப் போல இருந்தது. அதற்கு நான் எழுதிய பதிலுக்கும் மறுபதில் இல்லை. தொலைபேசியில் இளவரசிதான் எடுக்கிறாள். "குளிக்கிறார் மாமா", "தூங்கறார் மாமா" என்கிறாள்.

ஜூன் நடுவிலிருந்து உன் கால் நடக்கவே இல்லை என்று செயலி காட்டுகிறது. கருவி பழுதா? பழுதென்றால் உரிய காலத்துக்குள் தெரிவித்தால்தான் மாற்றித் தருவார்கள். உடல்நலக் குறைவா? அப்படியானால் அதையாவது எழுது. காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைப்பது விதிக்குப் புறம்பு. விதியை விடு. எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
9 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இளவரசி எழுதும் வணக்கம். அக்காவும் நீங்களும் நலமாக இருக்கக் காமாட்சி அருள வேண்டும். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் பழுதில்லை. கட்டிலுக்கடியில் உறை போட்டு வைத்திருக்கிறார். மூன்று வாரமாகக் கடைக்குப் போகவில்லை. பாயிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலால் தத்தி நடக்கிறார்.

நடந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. முஜீப் தம்பி வீட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரியும். வேலூர்க் கமலவேணி அம்மாள் இரண்டாவது மகளின் நிச்சயத்துக்குப் புடவை எடுக்க வந்திருக்கிறார். இவர் வாசலில் நின்று வணக்கம் சொல்ல, முதலில் அடையாளமே தெரியவில்லையாம். "யாருப்பா, கலியாணமா? நீ இவ்ளோ ஒசரமா?" என்று சிரித்திருக்கிறார். இவரும் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போயிருக்கிறார். மெத்தையருகில் போனதும் அந்த அம்மாள் உட்கார்ந்து, "உக்காருப்பா, ஏன் நின்னுக்கினே இருக்கிற?" என்று கேட்டிருக்கிறார். பாய்தான் நல்லெண்ணத்தில், "அவரால இப்போ கீழ உக்கார முடியாதும்மா. எலக்ட்ரானிக் கால்! ஃபாரின் சரக்கு!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு, "அடக் கடவுளே, எப்போப்பா ஆச்சு?" என்றாராம். "நம்ம பழக்கத்துக்கு முன்னாடியே ஆனதும்மா" என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் இவரே நின்றபடி ஒரு புடவையை விரித்து விலை சொன்னாராம். முஜீப் தம்பி சண்டை பார்க்கத் தயாராகிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மாள், "நீ சொன்ன வெலையே போடுப்பா. பாவம், உங்கிட்டப் போய் நான் இன்னாத்தப் பேசறது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது இவர் கையில் ஆப்பிள் பழம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "நீயே தின்னு" என்றார். மறுநாள் எழுந்திருக்கவில்லை.

மாமா, எனக்கும் ஒரு பாரம் உண்டு. இந்தக் கால் வந்ததில் அதிகம் மகிழ்ந்தவள் நான்தான். தெருவில் அவரோடு சமமாக நடந்தேன். அவர் கடையில் என்ன இழந்தார் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்தப் பழைய காலைத் திரும்ப வாங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

இளவரசி

•

ஹைதராபாத்,
19 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க இம்முறை கை வரவில்லை. இளவரசி எழுதினாள். அவளிடம் கோபம் கொள்ளாதே.

அறக்கட்டளையைத் தொடர்பு கொண்டேன். உன் பழைய காலைப் பிரித்து, நல்ல பகுதிகளை வேறு கால்களில் பொருத்திவிட்டார்களாம். அது இனி இல்லை. பிறகு சென்னையில் உனக்குக் கால் பொருத்திய மேரி அம்மையாருடன் பேசினேன். முட்டிக்கு மேலே திருகு போன்ற ஓர் உறுப்பை வைத்தால், விசையை அழுத்திக் காலைக் கையால் திருப்பிச் சம்மணமிடலாம் என்கிறார். எளிய உறுப்புதான். அதை வரவழைக்க ஏற்பாடு செய்யட்டுமா?

ஒன்று எனக்கு விளங்கவில்லை, தம்பி. மார்ச்சில் பதவி உயர்வு என்று எழுதினாய். மே மாதத்தில் எல்லா வகையிலும் மேல் என்று எழுதினாய். ஒரு வரி உண்மையாக எழுதியிருந்தால் அன்றே சரிசெய்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை?

ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. உடம்பு நலம். மீண்டும் கடைக்குப் போய்வருகிறேன். வாசலில்தான் நிற்கிறேன். பதில் தாமதமானதற்கு உங்கள் மேல் கோபம் காரணமில்லை. என்ன எழுதினாலும் கோபம் போலவே வந்ததால் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். ஜனவரியில் சொன்னேன், அண்ணா. கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினேன். நீங்கள் முட்டிக்குக் கேடு என்று பதில் எழுதினீர்கள்.

சென்னையில் அளவெடுத்த அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. மேரி அம்மா என்னைப் பார்த்து, "சார், நீங்க கீழ சம்மணம் போட்டு உக்காருவீங்களா? உக்காருவீங்கன்னா அதுக்குத் தனியா ஒண்ணு வெக்கணும்" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள், "அதெல்லாம் வேணாம்மா. இனிமே அவரு சேர்லதான் உக்காருவாரு" என்றீர்கள். அவர் எழுதுவதை நிறுத்தி, மறுபடியும் என்னைப் பார்த்தார். நான், "ஆமாம்மா" என்றேன்.

அந்த "ஆமாம்" என்னுடையது. அதனால் பழி முழுவதும் உங்களுடையது இல்லை. எனக்காக விடுப்பெடுத்து, வெயிலில் அலைந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணனை அந்தப் பெண் முன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டில் யாருக்கு வந்தது?

கமலவேணி அம்மாளைப் பற்றி நீங்கள் எழுதியதையும் யோசித்தேன். தெரிந்த பிறகும் மதிக்கிறவரிடம் விற்பதே முறை என்று எழுதினீர்கள். அவர் என்னை மதிக்காமல் போகவில்லை, அண்ணா. இப்போது கூடுதலாகவே மதிக்கிறார். பண்டிகைக்குப் பாயிடம் எனக்காகத் தனியே இனிப்பு கொடுத்தனுப்பியிருந்தார். ஆனால் என்னோடு சண்டை போட அவருக்கு இனி வராது. நான் சொல்கிற விலை நியாயமா, அநியாயமா என்று கவலைப்பட மாட்டார். அப்படிப்பட்டவரிடம் எப்படி விற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் திருகு வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கலியாணம்

•

ஹைதராபாத்,
2 செப்டம்பர் 2025

தம்பி,

நினைவிருக்கிறது. நீ எழுதியதைப் படிக்கும்வரை நினைவில்லை. படித்ததும் அவர் பேனாவை நிறுத்தியதுகூட நினைவுக்கு வந்துவிட்டது. ஓர் ஆய்வாளன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, கருவி எங்கே, எப்படிப் பயன்படப் போகிறது என்பது. அதைத்தான் பணியில் சேர்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லித் தருகிறேன்.

உறுப்பு செப்டம்பர் இறுதியில் சென்னைக்கு வரும். மேரி அம்மையாரிடம் நீயும் இளவரசியும் போய்வாருங்கள். அவர் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல். நான் வரமாட்டேன்.

என் கைபேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டேன். விதிப்படி நீக்கக் கூடாது. நீக்கிவிட்டேன். நிறுவன இதழுக்கு, கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முடியும்போது எழுது. உன் இடம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஆனந்தகுமார்

•

பெரிய காஞ்சிபுரம்,
27 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தாமல் ஏரி நிரம்பிவிட்டது என்று பார்க்கப் போனோம். கரை மேல் நெடுந்தூரம் நடந்தேன், ஈரத்திலும் கால் வழுக்கவில்லை. உங்கள் தோளை மழை படுத்துகிறதா? அண்ணி நலமா?

இடம் கிடைத்ததா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குச் சரியான பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

திருகு நன்றாகத் திரும்புகிறது. விசையை அழுத்தினால் பாதம் மடிக்கு வந்துவிடும். பாய் முஜீப்பை நகரச் சொல்லி, என் பழைய மூலையையே கொடுத்தார். முஜீப்பும் முகம் சுளிக்காமல், "வாங்கண்ணே, உங்க சிம்மாசனம், சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்று எழுந்தான். ஒரு மாதம் உட்கார்ந்தேன். ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. முந்தானையை விரித்துப் பிடித்தால், அவர்கள் பார்வை புடவையைத் தாண்டி என் மடிக்குப் போய்விட்டு வருகிறது. "செரமப்படாதப்பா, இதுவே போதும்" என்று இரண்டாவது புடவையிலேயே எழுந்துவிடுகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை.

அதனால் பாயிடம் கேட்டு மாடிக்கு மாறிவிட்டேன். பெங்களூர், ஹைதராபாத் என்று வெளியூரிலிருந்து முதல் முறையாக வருகிறவர்களை மாடிக்குத்தான் அனுப்புவார்கள். பழைய காலோடு அந்தப் படிகளை நான் ஏறியதே இல்லை. இப்போது அவர்கள் வருமுன் ஏறிப்போய் அங்குள்ள மெத்தையில் உட்கார்ந்துவிடுகிறேன். அவர்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. போன வாரம் ஓர் அம்மாள், "கொஞ்சம்கூட மனசாட்சி இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து வாங்கினார். வியாபாரம் நடக்கிறது. இடம் கிடைத்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று கமலவேணி அம்மாள் வந்திருந்தார். மகள் கல்யாணம் தை மாதத்தில். கீழே அவர் குரல் கேட்டது. "கலியாணம் எங்கப்பா?" என்றார். நான் கேட்டுக்கொண்டபடியே பாய், "அவரு இப்போ இங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். பிறகு முஜீப்பிடம், "சரி, நீ எடுத்துப் போடு" என்றார்.

கீழே எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. முஜீப் மேலே ஓடிவந்தான். "அண்ணே, அரக்குல ஒண்ணு கேக்கறாங்க. நீங்களே வாங்கண்ணே. உங்களத்தான் தேடுது அவங்க கண்ணு."

அவர் மகளின் நிறம் எனக்குத் தெரியும். அதற்குப் பொருந்துகிற புடவை என் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்து, "மொதல்ல முந்தியக் காட்டாதடா. ஒடம்ப விரிச்சு, அவங்க மூஞ்சி மாறுனப்புறம் முந்தியக் காட்டு" என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னபடியே செய்திருக்கிறான். சற்று நேரத்தில் கீழே சண்டை தொடங்கிவிட்டது. அவர் கத்த, முஜீப் கத்த, கடை முழுவதும் சிரிப்பு. நான் புடவைகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டேன். முஜீப் ஓர் இடத்தில் அவசரப்பட்டு இறங்கிவிட்டான். நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடித்திருப்பேன்.

இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இப்போது என்னால் அந்தப் படிகளை இறங்க முடியும். நான் இறங்கவில்லை.

மழைக்காலம் முடியும் வரை தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இளவரசி உங்கள் இருவரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
கலியாணம்